குளக்கட்டில் எங்களுக்கும் இடம் உண்டு



முல்லைத்தீவு என்று சொன்னால் வெளியூரில் இருப்பவர்கள் பலருக்கு 2009 ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, இடம்பெயர்ந்து, திரும்பவும் வந்து குடியிருக்கிற எங்களுக்கு இந்த மாவட்டம் என்றால் முதலில் குளம், பிறகு காடு, பிறகு கடல். இங்கே ஊர்ப் பெயரைக் கேட்டாலே தண்ணீரின் பெயர் வரும். மாங்குளம், முறிகண்டி வீதியால் வந்தாலும் சரி, நெடுங்கேணிப் பக்கத்தால் வந்தாலும் சரி, குளம், மடு, கேணி, ஆறு, மோட்டை என்று முடியும் ஊர்கள்தான் வழி நெடுகிலும்.

இந்தத் தண்ணீரைப் பற்றி எழுத நினைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர்களில் குளத்தைப் பற்றிய விபரம் ஆண்களிடம்தான் இருந்தது. எந்தத் துருசு எந்த வாய்க்காலுக்கு, எத்தனை அடி நின்றால் சிறுபோகம் செய்யலாம், எந்த இடம் ஆழம், வான் பாய்ந்தால் எந்தப் பாதை மூடும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். இரவில் தண்ணீர் திருப்பப் போனவர்களும், கூட்டங்களுக்குப் போனவர்களும் அவர்கள்தான். அவர்களில் பலர் இன்று எங்களோடு இல்லை. சிலர் எங்கே என்பது இன்றும் தெரியாது. குளம் இருக்கிறது, வயல் இருக்கிறது, வயலை விதைக்க வேண்டியவர்கள் நாங்கள். ஆகவே தண்ணீரின் விபரமும் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

மூன்று பக்கம் ஓடும் ஆறுகள்

எங்கள் மாவட்டத்தில் பெரிய மலை கிடையாது. ஆனாலும் இந்த மண்ணில் ஓடும் ஆறுகள் ஒரே பக்கம் போவதில்லை.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கே ஓடுகிறது. எங்கள் மாவட்டத்தைக் கடந்து கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தை நிரப்பி, மிச்சம் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. 'இரணை' என்றால் இரட்டை. முன்பு அந்த இடத்தில் இரண்டு மடுக்கள் இருந்தன என்பதால் அந்தப் பெயர். அந்தக் குளத்தின் கட்டுவேலை 1902 இல் தொடங்கியது. பிறகு பல தடவை கட்டு உயர்த்தப்பட்டது.

பேராறு கிழக்கே ஓடுகிறது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடுகளின் தண்ணீரைச் சேர்த்து, முத்தையன்கட்டுக் குளத்தை நிரப்பி, கடைசியில் நந்திக்கடலில் சேர்கிறது. பாலியாறு மேற்கே போகிறது. வவுனிக்குளத்துக்குத் தண்ணீர் தருவது அதுதான். துணுக்காய், மல்லாவி, பாண்டியன்குளம் பக்கத்துச் சகோதரிகளுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இந்த ஆறுகள் ஆண்டு முழுவதும் ஓடுபவை அல்ல. ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரையும் பெய்கிற மழைதான் எங்களுக்கு மழை. ஆடி, ஆவணியில் ஆற்றுக்குள் மணல்தான் கிடக்கும். கரையில் நிற்கிற மருதமரங்கள் மட்டும் பச்சையாக நிற்கும். மூன்று, நான்கு மாதத்தில் வருவதைப் பிடித்து வைத்துத்தான் மிச்ச மாதங்கள் நாங்கள் உயிர் வாழ வேண்டும். அதனால்தான் எங்கள் முன்னோர்கள் இத்தனை குளங்களைக் கட்டினார்கள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, உடையார்கட்டு, விசுவமடு, மதவளசிங்கன்குளம், கணுக்கேணி என்று பெரியவை சில. அவற்றைச் சுற்றி, பெயர்ப் பலகை கூட இல்லாத சிறிய குளங்கள் ஏராளம்.

ஒரு குளம் எப்படி வேலை செய்கிறது

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் உள்ளது. என் கணவர் 2009 ஏப்ரலில் ஷெல் விழுந்து இறந்தார். மெனிக் பாம் முகாமில் இருந்து 2010 இல் ஊருக்குத் திரும்பியபோது என்னோடு மாமியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். வரம்பு தெரியாமல் பற்றை மூடிக் கிடந்தது. அதை வெட்டித் துப்புரவாக்கிய பின்னர்தான் அடுத்த கேள்வி வந்தது. தண்ணீர் எப்படி வரும்?

எனக்குக் குளத்தைப் படிப்பித்தவர் மாமிதான். அவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஆனால் மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்தே எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தார். குளக்கட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

கட்டுக்கு உள்ளே தண்ணீர் நிற்கிற பக்கம் அலைகரை. அங்கே மாடு மேயும், கொக்கு நிற்கும், தண்ணீர் வற்றும்போது புல் முளைக்கும். அலைகரையை உழுது பயிர் வைத்தால் மண் கரைந்து குளத்தின் அடியில் படியும், குளம் மேடாகிவிடும். கட்டின் அடியில் இருப்பது துருசு. அதைத் திறந்தால் தண்ணீர் பெரிய வாய்க்காலில் விழுந்து, கிளை வாய்க்காலுக்குப் பிரிந்து, கடைசியில் வயல் வாய்க்காலால் எங்கள் வரம்புக்கு வரும். குளம் கொள்ளாத தண்ணீர் வெளியேறுகிற இடம் வான். துருசு எங்கள் சொல் கேட்கும், வான் கேட்காது. வான் பாயத் தொடங்கினால் கீழே இருக்கிறவர்கள் எழும்பிவிட வேண்டும்.

மாமி சொன்ன ஒரு கதையை மறக்க மாட்டேன். "பிள்ளை, தண்ணி மேட்டிலயிருந்து பள்ளத்துக்குத்தான் போகும். ஆனா கூட்டம் வைச்சா, ஆர் பலமாக் கதைக்கினமோ அவையின்ர வயலுக்குத்தான் போகும்."

அதன் பொருள் எனக்கு அடுத்த வருடம் விளங்கியது.

கூட்டத்தில் என் பெயர்

காலபோகத்தில் மழை துணை நிற்கும். பிரச்சினை வருவது சிறுபோகத்தில்தான். மழை ஓய்ந்த பிறகு, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அரச அதிகாரிகள், நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகள் எல்லோரும் வருவார்கள். விதைக்கும் திகதி, துருசு திறக்கும் திகதி, மாடுகளைக் கட்டும் திகதி எல்லாம் அங்கேதான் முடிவாகும்.

அங்கே 'ஏக்கர் அடி' என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி. லீற்றரில் சொன்னால் ஏறத்தாழ 12 இலட்சம். சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லை வெட்டுக்குக் கொண்டுவர நான்கு ஏக்கர் அடி அல்லது அதற்கு மேலும் தேவைப்படும். வாய்க்கால் உடைந்து கிடந்தால் இன்னும் கூட. அதனால்தான் குளம் பாதி நிற்கிற வருடங்களில் எல்லோருடைய வயலுக்கும் தண்ணீர் இல்லை. இருக்கிற தண்ணீருக்கு அளவாக ஒரு பகுதி நிலத்தை மட்டும் தெரிந்து, அதை எல்லோருக்கும் பங்கு பிரிப்பார்கள். இரண்டு ஏக்கர் உள்ளவருக்கு அரை ஏக்கர் கிடைக்கலாம். உழுந்து, பயறு, நிலக்கடலை போட்டால் தண்ணீர் குறைவாகப் போதும் என்று அதிகாரிகள் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

நான் முதன்முதலில் போன கூட்டத்தில் பெண்கள் ஆறு பேர். பின்பக்கம் இருந்தோம். பங்குப் பட்டியலை வாசித்தார்கள். எங்கள் வயலுக்கு நேரே என் கணவரின் தம்பியின் பெயர் இருந்தது. அவர் கெட்டவர் அல்ல. ஆண் ஆள் ஒருவரின் பெயர் இருந்தால் நல்லது என்று யாரோ நினைத்து எழுதிவிட்டார்கள். நான் எழும்பி, "ஐயா, அது என்ர அவரின்ர காணி. விதைக்கிறது நான். என்ர பேரைப் போடுங்கோ" என்றேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. முன்பக்கத்தில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, இரவில ஆர் தண்ணி திருப்புறது?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். "நானும் மாமியும் ரோச் லைற்றும்" என்று சொன்னேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த அமைப்பின் செயலாளர் பெயரைத் திருத்தி எழுதினார்.

பட்டியலில் பெயர் மாறியது அன்றோடு முடிந்தது. காணியின் அனுமதிப்பத்திரத்தில் பெயர் மாற்ற நான்கு வருடம் எடுத்தது. எங்கள் பக்கத்தில் குளத்தின் கீழ் உள்ள காணிகள் பல, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தோடு கொடுக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் அவருடைய மனைவி அல்லது கணவன் அந்தக் காணியை அனுபவிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பின்னுரித்தாளரை நியமிக்காமல் விட்டால், பிள்ளைகளின் வரிசையில் மகளுக்கு முன் மகன்தான் வருவான் என்று நீண்ட காலம் இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அந்த ஆண், பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. இது தெரியாமல் இன்றும் "பொம்பிளைப் பிள்ளைக்குக் காணி எழுத ஏலாது" என்று சொல்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

கணவர் காணாமல் போன சகோதரிகளுக்கு இது இன்னும் கடினம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. அது ஏன் என்று எங்களுக்குத் தெரியும். 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின்னர், இறந்தார் என்று பதியாமலே, ஆள் காணாமல் போயுள்ளார் என்பதை உறுதிப்படுத்துகிற சான்றிதழைப் பெறலாம். அதை வைத்துக் குடும்பத்தின் சொத்து அலுவல்களைப் பார்க்கலாம். தேடுவதை அதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

குளத்து மீனும் தாமரையும்

குளம் நெல்லுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் வீட்டில் காசு இல்லாத நாட்களில் கறிச்சட்டியை நிரப்பியது குளம்தான். விரால், கெழுத்தி, குறவை என்பவை எங்கள் மீன்கள். 'யப்பான் மீன்' என்று நாங்கள் சொல்கிற திலாப்பியா 1952 இல் வெளியிலிருந்து இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது எந்தக் குளத்திலும் அதுதான் கூட. மீன் குஞ்சுகளைக் குளங்களில் விடுகிற வேலையை அரசாங்கம் செய்கிறது. விட்ட குஞ்சு வளரும்வரை சிறிய கண் வலை போடக்கூடாது என்பது விதி. அந்த விதியைக் காப்பாற்றினால் அடுத்த வருடமும் மீன் இருக்கும்.

எங்கள் ஊரில் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில் பெண்கள் சிலர் அங்கத்தவர்களாக இருக்கிறார்கள். வலை போடுவது ஆண்கள் என்றாலும், மீனை வாங்கி, வெட்டி, கருவாடு போட்டு, சைக்கிளில் கொண்டுபோய் விற்பது பெண்கள். ஒரு அக்கா யப்பான் மீன் கருவாட்டில் வந்த காசிலேயே மகளை உயர்தரம் வரை படிப்பித்தார். தாமரைப் பூ கோயில்களுக்குப் போகிறது. தாமரைக் கிழங்கு கறிக்கு. குளத்தில் இறங்கும்போது முதலையையும் தாமரைக் கொடியையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம். அலைகரையிலோ வாய்க்காலிலோ தெரியாத இரும்புச் சாமான் எதையும் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். வெடிபொருள் அகற்றப்பட்ட பின்னரும் மழை மண்ணைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 2018 டிசெம்பர் 21 ஆம் திகதி இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கின. இரணைமடுவின் வான் கதவுகள் திறக்கப்பட்டன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் வெள்ளம். எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழக்கம் இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் அனுமதிப்பத்திரம், அடையாள அட்டைகள், சான்றிதழ்கள், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி ஒரு வாளிக்குள் வைத்து வளையில் கட்டித் தொங்கவிடுவோம். முதல் தடவை நாங்கள் ஓடியபோது கடதாசி எல்லாம் போனது. இனிமேல் போகவிட மாட்டோம்.

நந்திக்கடல்

பேராறு போய்ச் சேர்கிற நந்திக்கடலைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. அதற்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய நிலத்தில்தான் முள்ளிவாய்க்கால் இருக்கிறது. வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தவர்களில் இதை வாசிக்கிற நீங்களும் இருக்கலாம். நானும் வந்தேன். அதற்குப் பிறகு ஆறு வருடம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. முல்லைத்தீவு நகரத்துக்குப் போக வேண்டியிருந்தால் வேறு வீதியால் போவேன்.

மாமிதான் திரும்பவும் கூட்டிக்கொண்டு போனார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் நந்திக்கடலின் கரையில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு எங்கள் மாவட்டமே அங்கே கூடும். கடலில் எடுத்து வருகிற உப்புத் தண்ணீரில் விளக்கு எரிப்பது அந்தக் கோயிலின் வழக்கம். எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மாமி பொங்கல் முடிந்து கரையில் போய் நின்று கொண்டு, "இதுக்குள்ளதான் என்ர பிள்ளைகளுக்கு இறால் பிடிச்சுக் கறி வைச்சனான்" என்றார். அவர் சொன்னது 2009 ஐ அல்ல. அதற்கு முப்பது வருடங்களுக்கு முந்திய காலத்தை. மாரியில் ஆற்றுத் தண்ணீர் வந்து நிறைந்து, முகத்துவாரம் வெட்டுப்பட்டு, கடலும் களப்பும் சேர்கிறபோது இறால் பெருகும். அப்போது பெண்கள் இடுப்பில் பறியைக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று பிடித்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து நான் நந்திக்கடலைப் பார்க்கிறேன். பார்க்கிறபோதெல்லாம் இரண்டும் நினைவுக்கு வருகின்றன. ஒன்றை மறந்தால்தான் மற்றதை நினைக்கலாம் என்று இல்லை. இன்னும் பார்க்க முடியாமல் இருக்கிற சகோதரிகள் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவும் மாட்டேன். அவரவர் மனதுக்கு அவரவர் நேரம் வேண்டும்.

காடும் பூங்காவும்

இனிக் காட்டுக்கு வருவோம். பாலை, முதிரை, கருங்காலி, வீரை நிற்கிற காடு எங்களுடையது. பாலைப்பழக் காலத்தில் வீதியோரத்தில் சிறிய பேணியில் பழம் விற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். விறகு, தேன், முரலிப்பழம், பாய் இழைக்கக் கோரை, கூரைக்குத் தடி என்று காட்டை நம்பிய வீடுகள் நிறைய உண்டு. குளம் நிரம்புவதும் காட்டால்தான். மேலே காட்டை வெட்டினால் மழைத் தண்ணீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு வந்து குளத்தைத் தூர்த்துவிடும். ஆகவே காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்கு மறுப்பே இல்லை.

போருக்குப் பின் காடுகளுக்கும் களப்புகளுக்கும் புதிய பெயர்கள் வந்தன. எங்களுக்கு வடக்கே உள்ள சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது. 2015 யூன் மாதத்தில் அது தேசிய பூங்காவாக்கப்பட்டது. மேற்கே மடு வீதிக் காடும் அதே நாளில் தேசிய பூங்காவானது. நந்திக்கடல் 2017 இல் இயற்கை ஒதுக்கிடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தெற்கே கொக்கிளாய்க் களப்பு 1951 ஆம் ஆண்டிலிருந்தே சரணாலயம். மாரி காலத்தில் தூர நாடுகளிலிருந்து வருகிற தாராக்களும், பூநாரைகளும், கூழைக்கடாக்களும் அங்கே நிற்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும்.

ஆனால் இந்தப் பெயர்களுக்கு இடையில் பெரிய வித்தியாசம் உண்டு. சரணாலயம் என்றால் அங்குள்ள மிருகங்களும் பறவைகளும் பாதுகாக்கப்படுகின்றன. அதற்குள் தனியார் காணி இருக்கலாம், காணிக்காரர் தன் தொழிலைச் செய்யலாம். தேசிய பூங்கா என்றால் அது முழுவதும் அரச காணி. அனுமதிச் சீட்டோடு பார்க்கப் போகலாமே தவிர, அங்கே குடியிருக்கவோ விதைக்கவோ முடியாது. ஒதுக்கக் காடு என்பது இன்னொரு திணைக்களத்தின் கீழ், இன்னொரு சட்டத்தின் கீழ் வருகிறது. உங்கள் வயலுக்குப் பக்கத்தில் ஒரு கல் நடப்பட்டால், அது எந்தத் திணைக்களத்தின் கல், எந்தப் பெயரில் நடப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அதைப் பொறுத்துத்தான் எந்தக் கந்தோருக்குப் போவது என்பதும் இருக்கிறது.

இதை நான் அனுபவத்தில்தான் படித்தேன். என் அம்மாவின் ஊர் கொக்குத்தொடுவாய். 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் இடம்பெயர்ந்தபோது அம்மா என்னைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். போர் முடிந்த பிறகுதான் அந்த ஊர்கள் திரும்பக் கிடைத்தன. அம்மாவின் மூன்று ஏக்கர் வயலில் அதற்குள் காடு வளர்ந்துவிட்டது. ஒரு வயலை இருபத்தைந்து வருடம் விட்டால் அங்கே மரம் வளராமல் என்ன செய்யும்? நாங்கள் போய்ப் பார்த்தபோது வயலின் நடுவில் எல்லைக் கற்கள் நின்றன. "இது காடு, வெட்டினால் வழக்கு" என்றார்கள்.

அம்மாவிடம் அனுமதிப்பத்திரம் இல்லை, ஓடும்போது போய்விட்டது. ஆனால் மண்ணில் அடையாளம் இருந்தது. மரங்களுக்குக் கீழே பழைய வரம்புகள் நேராக ஓடின. எங்கள் கிணற்றுக் கட்டு இருந்தது. அம்மாவின் தகப்பனார் வைத்த புளியமரம் நின்றது. காட்டில் புளி தானாக வரிசையில் முளைக்காது. கிராம அலுவலரை அழைத்துக் காட்டினோம். அயல் காணிக்காரர் ஐந்து பேரிடம் சத்தியக் கடதாசி எடுத்தோம். பிரதேச செயலகத்தில் பழைய காணிப் பதிவேட்டில் தேடிப் பார்க்க எழுத்தில் விண்ணப்பித்தோம். பதிவேட்டில் தாத்தாவின் பெயர் இருந்தது.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் விடுவிக்கப்பட்டது. மிச்சம் இன்னும் கடிதத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு இப்போது 76 வயது. கிடைத்த ஒன்றரை ஏக்கரில் காலபோகம் விதைக்கிறோம். மிச்சத்துக்காக ஒவ்வொரு வருடமும் ஒரு கடிதம் எழுதி, பிரதி ஒன்றில் கையொப்பமும் திகதியும் வாங்கி, அந்த வாளிக்குள் வைக்கிறோம்.

நாங்கள் செய்யக்கூடியவை

சகோதரிகளே, நான் படித்துப் பட்டம் பெற்றவள் அல்ல. ஆனாலும் எனக்கு உதவியவை உங்களுக்கும் உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் குளம் பெரிய குளமா, சிறிய குளமா என்று தெரிந்துகொள்ளுங்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்குத் தண்ணீர் தருகிற குளங்கள் கமநலத் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பு. துருசு உடைந்தால் யாரிடம் போவது என்பது இதில் தெரியும்.

கமக்காரர் அமைப்பில் உங்கள் பெயரில் அங்கத்துவம் எடுங்கள். மகனின் பெயரிலோ தம்பியின் பெயரிலோ அல்ல, விதைக்கிறவர் பெயரில். உரமானியம், நட்டஈடு, விதைநெல் எல்லாம் பட்டியலில் உள்ள பெயருக்குத்தான் வருகின்றன. கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயக் காணிப் பதிவேட்டிலும் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

கூட்டத்துக்குத் தனியே போகத் தயக்கமாக இருந்தால் இருவர் மூவராகப் போங்கள். முன்வரிசையில் இருங்கள். பேசத் தெரியாவிட்டால் கேள்வியை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள். எங்கள் ஊரில் முதலில் ஆறு பேராகப் போனோம். இப்போது கூட்டத்தில் பாதிப்பேர் பெண்கள். அமைப்பின் பொருளாளரும் ஒரு பெண். இரவுத் தண்ணீர் முறை எங்களுக்கு வந்தால் நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து போகிறோம். பெண் தனியாக இருக்கிற வயல்களுக்குப் பகல் முறை கொடுக்க வேண்டும் என்று கேட்டு, போன சிறுபோகத்தில் அதையும் எழுத்தில் எடுத்துவிட்டோம்.

காணிக் கடதாசி எதுவாக இருந்தாலும் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வையுங்கள். கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் உள்ள உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களை ஒரு பின்னேரம் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மடுவுக்கு என்ன பெயர், எந்த வாய்க்கால் எந்தக் காலத்தில் வெட்டப்பட்டது, எங்கே யாருடைய வயல் இருந்தது என்று கேட்டு, பிள்ளையைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். என் மாமி 2019 இல் காலமானார். அவர் சொல்ல என் மகள் எழுதிய கொப்பியில் எங்கள் பகுதியில் உள்ள 23 சிறிய குளங்களின் பெயர்கள் இருக்கின்றன. போன வருடம் புனரமைப்புக்குக் குளங்களைப் பதிய வந்த உத்தியோகத்தரின் பட்டியலில் அவற்றில் ஏழு இல்லை. மகள் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அவற்றில் ஒரு குளத்தின் கட்டு இந்த வருடம் மண் போட்டு உயர்த்தப்பட்டிருக்கிறது. அதன் கீழே பதினொரு குடும்பங்கள் விதைக்கின்றன.